மிதிவண்டி ஓட்டுதலும் மனநலமும்

மிதிவண்டி ஓட்டுதல் என்பது இரு சக்கரங்களும் மிதிகட்டைகளும் கொண்ட ஊர்தியை ஒருவர் தம் கால் வலிமையால் செலுத்திச் செல்வதாகும். தமிழ்நாட்டில் சைக்கிள் என்றும் ஈழத்தில் துவிச்சக்கரவண்டி என்றும் வழங்கும் இவ்வூர்தி, 1817 ஆம் ஆண்டு செருமனியில் கார்ல் வொன் டிரைசு செய்த மிதிகட்டையற்ற மரவண்டியிலிருந்து படிப்படியாக வளர்ந்தது. போக்குவரத்து, உடற்பயிற்சி, விளையாட்டு ஆகிய பயன்களுக்கு அப்பால், ஓட்டுபவரின் மனநிலையை உயர்த்தும் தன்மையும் இதற்கு உண்டு. இக்கட்டுரை அத்தன்மையைப் பற்றியது.

உடல் உழைப்பால் மூளையில் விளையும் மாற்றங்கள் இதற்கு ஒரு காரணம். நினைத்த இடத்திற்கு, நினைத்த நேரத்தில், எவரையும் எதிர்பாராமல் செல்ல முடிகிறது என்னும் உணர்வு அதற்குக் குறையாத மற்றொரு காரணம் எனலாம். இதற்கு மிகத் தெளிவான சான்று 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் கிடைத்தது.

உடலில் நிகழ்வது

மிதிவண்டி மிகவும் சிக்கனமான பொறி. குறிப்பிட்ட தொலைவைக் கடக்க, நடப்பவர் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே மிதிவண்டி ஓட்டுபவருக்குத் தேவைப்படுகிறது. வேகமோ நடையைப் போல மூன்று, நான்கு மடங்கு. உடல் எடையின் பெரும்பகுதியை இருக்கை தாங்கிக்கொள்வதால் முழங்கால் மூட்டுகளுக்கு ஓட்டப்பயிற்சியில் ஏற்படும் அதிர்ச்சி இதில் இல்லை. எனவே முதியோர், உடல் பருத்தவர், நெடுநாள் பயிற்சியின்றி இருந்தவர் ஆகியோரும் களைப்பின்றி அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்ட இயலும். மனநிலை மாற்றத்திற்கு இந்தத் தொடர்ச்சி தேவையானது.

உடற்பயிற்சிக்குப் பின் தோன்றும் மகிழ்ச்சிக்கு எண்டோர்ஃபின் என்னும் வேதிப்பொருளே காரணம் எனப் பரவலாகச் சொல்லப்படுகிறது. இது முழுமையான விளக்கமன்று. குருதியில் சுரக்கும் எண்டோர்ஃபின் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. எண்டோர்ஃபினின் செயலைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்த பின்னரும் ஓடியவர்களுக்கு அம்மகிழ்ச்சி ஏற்பட்டதை 2021 இல் வெளியான ஒரு செருமானிய ஆய்வு காட்டியது. உடலே உருவாக்கும் எண்டோகன்னபினாய்டு வகைப் பொருள்கள் இதில் கூடுதல் பங்கு வகிப்பதாக இப்போது கருதப்படுகிறது. இவை கொழுப்பில் கரைவதால் மூளையின் தடுப்பரணை எளிதாகக் கடக்கின்றன.

உடனடி மகிழ்ச்சி ஒருபுறமிருக்க, தொடர்பயிற்சியின் விளைவுகள் மெதுவாகச் சேர்பவை. ஓராண்டுக் காலம் ஒழுங்காக நடைப்பயிற்சி செய்த முதியோரின் மூளையில், நினைவாற்றலுக்குரிய இப்போகேம்பசு என்னும் பகுதி ஏறத்தாழ 2 விழுக்காடு வளர்ந்திருந்ததை 2011 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டனர். அவ்வயதில் அப்பகுதி ஆண்டுதோறும் சுருங்குவதே இயல்பு. இது நடையைப் பற்றிய ஆய்வு எனினும் இதயத்துடிப்பைச் சீராக உயர்த்தும் பயிற்சிகள் பிறவற்றுக்கும் இதனைப் பொருத்திப் பார்க்கின்றனர்.

மிதிவண்டியை நேரடியாக ஆராய்ந்த ஆய்வுகளுள் இசுக்கொட்லாந்தில் நடந்து 2024 இல் வெளியான ஆய்வு குறிப்பிடத்தக்கது. எடின்பரோ, கிளாசுகோ நகரங்களில் மிதிவண்டிப் பாதைகளுக்கு அருகில் வாழ்ந்த 3,78,253 பேரின் தரவுகளை ஆய்வாளர்கள் ஐந்தாண்டுகளுக்குப் பின்தொடர்ந்தனர். மிதிவண்டியில் வேலைக்குச் சென்றவர்களுக்கு மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றுக்கான மருந்து எழுதித் தரப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவாக இருந்தது. நலமாக இருப்பவர்தாம் மிதிவண்டி ஓட்டுகிறார்களா, ஓட்டுவதால்தான் நலமாக இருக்கிறார்களா என்னும் ஐயம் இத்தகைய ஆய்வுகளில் எப்போதும் எழும். வீட்டிலிருந்து பாதை எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைக் கொண்டு இரண்டையும் பிரித்தறிய முயன்றதே இந்த ஆய்வின் சிறப்பு.

சமநிலையும் கவனமும்

ஓடும் மிதிவண்டி ஏன் விழுவதில்லை என்பது எளிதான கேள்விபோல் தோன்றினும் பொறியியலில் நெடுங்காலம் விவாதிக்கப்பட்ட ஒன்று. சுழலும் சக்கரத்தின் கொட்பு விளைவே காரணம் எனப் பாடநூல்கள் கூறிவந்தன. அவ்விளைவை நீக்கிய பின்னரும் ஆளின்றித் தானே நிமிர்ந்து ஓடும் ஒரு வண்டியை 2011 இல் டச்சு, அமெரிக்க ஆய்வாளர்கள் செய்து காட்டினர். எப்படியாயினும் அடிப்படை ஒன்றுதான்: வண்டி எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கம் கைப்பிடி சிறிது திரும்பவேண்டும். ஓட்டுபவர் இதை அறியாமலே நொடிதோறும் செய்கிறார்.

இத்திறன் சொல்லிக் கொடுத்து வருவதில்லை. விழுந்து எழுந்து வருவது. இருக்கைக்கு எட்டாத சிறுவர்கள் பெரியவர்களின் வண்டியில், சட்டத்தின் முக்கோணத்திற்குள் ஒரு காலை நுழைத்து ஓட்டும் ‘குரங்குப் பெடல்’ தமிழ்நாட்டில் பல தலைமுறைகளின் முதற்பாடமாக இருந்தது. மணிக்கணக்கில் வாடகைக்கு வண்டி விட்ட கடைகளே அதற்குப் பள்ளிக்கூடம். ராசி அழகப்பனின் ‘சைக்கிள்’ சிறுகதையைத் தழுவி 2024 இல் வெளிவந்த ‘குரங்கு பெடல்’ திரைப்படம் அக்காலத்தைக் காட்டுகிறது. ஒருமுறை கற்றபின் இது மறப்பதில்லை. பெயர்கள், நிகழ்ச்சிகள் ஆகியவற்றுக்கான நினைவிலிருந்து வேறுபட்ட செய்முறை நினைவாக, மூளையின் வேறு பகுதிகளில் இது தங்குகிறது.

மனநலத்தோடு இதற்குள்ள தொடர்பு கவனத்தைப் பற்றியது. சாலை, பள்ளம், எதிர்வரும் வண்டி, கைப்பிடி, மூச்சு என்று கவனம் சிறிது நேரம் வெளியே நிற்கிறது. ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப அசைபோடுவது மனச்சோர்வின் முதன்மைக் கூறுகளுள் ஒன்று. அதற்கு இவ்வேளையில் இடம் குறைகிறது. அறைக்குள் நிலையாக நிறுத்திய பயிற்சி வண்டியில் உடலுக்கு அதே உழைப்பு கிடைத்தாலும் இந்தப் பகுதி கிடைப்பதில்லை. 50 வயதைக் கடந்தவர்களை எட்டு வாரங்கள் வெளியே ஓட்டச் செய்து 2019 இல் வெளியிடப்பட்ட ஓர் ஆங்கிலேய ஆய்வில், மின்விசை துணையுள்ள வண்டியை ஓட்டியவர்களும் மனத்திறனிலும் மனநிலையிலும் பயன் பெற்றனர். உழைப்பு குறைவாக இருந்தும் பயன் கிடைத்தது என்பதால், உழைப்பு மட்டுமே காரணமன்று என்பது விளங்குகிறது.

ஐயங்களும் எதிர்ப்பும்

பெண்கள் மிதிவண்டி ஓட்டுவதற்கு எழுந்த எதிர்ப்பு, அவ்வூர்தி அளவே பழமையானது. 1890களில் ஐரோப்பிய, அமெரிக்க மருத்துவர் சிலர் ‘மிதிவண்டி முகம்’ என்றொரு நோயையே கண்டுபிடித்தனர். சமநிலை காக்கும் பதற்றத்தால் முகம் இறுகி, கண் பிதுங்கி, நிலையாக அவ்வாறே ஆகிவிடும் என்றும் பெண்களுக்கே இது மிகுதியாக வரும் என்றும் எச்சரித்தனர். இன்று மனநலத்திற்காகப் பரிந்துரைக்கப்படும் ஒன்று அன்று நரம்புத் தளர்ச்சிக்குக் காரணமாகக் காட்டப்பட்டது. அமெரிக்கப் பெண்ணுரிமையாளர் சூசன் பி. அந்தோணி 1896 இல் அளித்த நேர்காணலில், பெண்விடுதலைக்கு மிதிவண்டியைவிடக் கூடுதலாக உதவியது வேறெதுவும் இல்லை என்று கூறினார். ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், அவர் கூற்றைக் கேட்டறியாத பெண்கள் அதனைப் புதுக்கோட்டையில் மெய்ப்பித்தனர்.

புதுக்கோட்டை

புதுக்கோட்டை மழையை நம்பிய, வறண்ட மாவட்டம். 1990களில் சிற்றூர்களுக்குப் பேருந்துகள் மிகக் குறைவு. தண்ணீர் எடுக்கவும், விறகு கொண்டுவரவும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லவும், பிள்ளையை மருத்துவமனைக்கு எடுத்துச்செல்லவும் பெண்கள் நெடுந்தொலைவு நடந்தனர். பேருந்து நிறுத்தத்திற்குச் செல்வதற்கே கணவன், தந்தை, உடன்பிறந்தோர் எவரேனும் வண்டியில் கொண்டுவிட வேண்டியிருந்தது. வீட்டில் மிதிவண்டி இருந்தாலும் அது ஆணின் வண்டி.

1991 ஆம் ஆண்டு அங்கு அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதோருக்குத் தன்னார்வலர்கள் கற்பிக்கும் இத்திட்டத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் முனைப்பாக ஈடுபட்டது. மாவட்ட ஆட்சியராக இருந்த சீலா ராணி சுங்கத், எழுத்தறிவுத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே மிதிவண்டிப் பயிற்சியைச் சேர்த்தார். காரணம் நடைமுறை சார்ந்தது. அறிவொளித் தொண்டர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாலையில் ஊர் ஊராகச் சென்று வகுப்பெடுக்க அவர்களுக்கு வண்டி தேவைப்பட்டது. முதலில் தொண்டர்கள் கற்றனர். அவர்களைப் பார்த்துக் கற்போரும் கேட்டனர். பெண்கள் வண்டி வாங்குவதற்கு வங்கிக் கடனும் ஏற்பாடு செய்யப்பட்டது.

அதன்பின் நிகழ்ந்தது எவரும் திட்டமிட்டதன்று. வேளாண் கூலிகள், கல்லுடைக்கும் பெண்கள், ஊர்ப்புறச் செவிலியர், பால்வாடிப் பணியாளர், ஆசிரியைகள், கல்லூரி மாணவியர் என எல்லாத் தரப்பினரும் பயிற்சிக்கு வந்தனர். கற்றவர் மற்றவருக்குக் கற்பித்தார். மிதிவண்டியைப் பற்றிப் பாடல்கள் புனைந்து பாடினர். 1992 ஆம் ஆண்டு மார்ச்சு 8, உலக மகளிர் நாளன்று, 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்தவாறு புதுக்கோட்டை நகரில் ஊர்வலமாக ஓட்டிச் சென்றனர். இயக்கம் வளர்ந்த சில ஆண்டுகளில் மாவட்டத்தில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட ஊர்ப்புறப் பெண்கள் மிதிவண்டி கற்றதாக இதழாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். மகளிர் வண்டிகளின் விற்பனை ஓராண்டில் 350 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்ததாக அவரிடம் விற்பனையாளர் ஒருவர் கூறினார்.

மகளிர் வண்டிகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது பெண்கள் ஆண்களுக்கான வண்டிகளையே வாங்கினர். சிலர் அதையே விரும்பினர். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையே குறுக்காக ஓடும் ‘பார்’ குழாயில் பிள்ளையை அமர்த்திக்கொள்ளலாம் என்பதே காரணம். முன்னால் பிள்ளை, பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம் என்று பெண்கள் செல்வது அம்மாவட்டச் சாலைகளில் இயல்பான காட்சியாயிற்று. தொடக்கத்தில் ஆண்களின் கேலியும் இழிசொல்லும் இருந்தன. எண்ணிக்கை பெருகியபின் அவை எடுபடவில்லை. ஒருத்தி ஓட்டினால் வேடிக்கை, ஊரே ஓட்டினால் வழக்கம்.

பொருளாதாரப் பயன் வெளிப்படையானது. ஒரு சிற்றூரில் மட்டும் விற்ற பொருளைப் பல ஊர்களுக்குக் கொண்டுசெல்ல முடிந்தது. பேருந்துக்குக் காத்திருந்த நேரம் மிஞ்சியது. ஓய்வுக்கும் சிறிது பொழுது கிடைத்தது. ஆயினும் அப்பயனை மட்டும் வலியுறுத்துவது தவறு என்றும், பெண்கள் பெற்ற தன்மதிப்பே முதன்மையானது என்றும் சாய்நாத் எழுதினார். பயிற்சிக்குத் திருவிழாவுக்கு உடுத்துவதுபோல் நல்லாடை உடுத்தி வந்தனர் என்பதையும், தம் விடுதலையைப் பற்றிப் பேசுவதுபோல் மிதிவண்டியைப் பற்றிப் பேசினர் என்பதையும் அவர் குறித்துள்ளார். அவர் கட்டுரை 1996 இல் வெளியான ‘எவ்ரிபடி லவ்சு எ குட் டிராட்’ நூலில் இடம்பெற்றது. அதன் இந்தி வடிவம் பின்னாளில் என்.சி.இ.ஆர்.டி.யின் எட்டாம் வகுப்புப் பாடநூலில் சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டின் இந்நிகழ்வை வடஇந்திய மாணவர்கள் பலர் இங்குள்ளவர்களைவிட நன்கறிந்திருப்பது இதனாலேயே.

இப்பெண்கள் புதிதாக உடற்பயிற்சி பெறவில்லை என்பது இங்கு கவனிக்கத்தக்கது. வயலிலும் கல்குவாரியிலும் நாள்முழுதும் உழைத்தவர்கள் அவர்கள். உழைப்பின் அளவு கூடியதால் மகிழ்ச்சி வந்தது என்று கூற இயலாது. மிதிவண்டி அவர்களின் நடையுழைப்பைக் குறைக்கவே செய்தது. புதிதாக வந்தது, ‘கொண்டுவிட ஆள் வேண்டாம்’ என்னும் நிலை.

பள்ளி மாணவியர்

தமிழ்நாடு அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2001-02 கல்வியாண்டில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியருக்கு விரிவாக்கப்பட்டது. பீகாரில் 2006 இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியருக்கு வண்டி வாங்க 2,000 ரூபாய் வழங்கும் திட்டம் வந்தது. அதை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிசித் பிரகாசும், மாணவியர் சேர்க்கை ஏறத்தாழ 30 விழுக்காடு உயர்ந்ததையும் ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்ததையும் கண்டனர். பள்ளி தொலைவில் இருந்த ஊர்களிலேயே பயன் மிகுதி.

இவை கல்வி பற்றிய அளவீடுகள். ஆப்பிரிக்காவின் சாம்பியா நாட்டில் நடந்த மற்றொரு ஆய்வு மனத்தையும் அளந்தது. குலுக்கல் முறையில் தேர்ந்த பள்ளிகளின் மாணவியருக்கு மட்டும் வண்டி கொடுத்து, மற்ற பள்ளி மாணவியரோடு ஒப்பிட்டனர். பயண நேரமும் பள்ளிக்கு வராத நாள்களும் குறைந்தன. அத்துடன், தம் வாழ்வில் நிகழ்பவை தம் செயலாலேயே அமைகின்றன என்னும் நம்பிக்கையும் வண்டி பெற்ற மாணவியரிடம் உயர்ந்திருந்தது. உளவியலில் இது ‘கட்டுப்பாட்டு இடம்’ எனப்படுகிறது. அது தம்மிடம் இல்லை, பிறரிடமோ விதியிடமோ உள்ளது என்று எண்ணுவோரிடம் மனச்சோர்வு மிகுந்து காணப்படுவது பல ஆய்வுகளில் தெரிந்த செய்தி. புதுக்கோட்டையில் கண்ணால் கண்டதற்கு இது எண்களில் கிடைத்த விளக்கம் எனலாம்.

விருப்பமும் கட்டாயமும்

இதே காரணத்தால், வேறு வழியின்றி ஓட்டப்படும் மிதிவண்டி அதே மகிழ்ச்சியைத் தரும் என எதிர்பார்க்க இயலாது. இலங்கை அரசு 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டின்மீது விதித்த பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்காமற்போக, மிதிவண்டியே அங்கு முதன்மை ஊர்தியாயிற்று. நோயாளர், விறகு, நெல்மூட்டை அனைத்தும் அதில் சென்றன. மின்சாரம் இல்லாத வீடுகளில் வண்டியைக் கவிழ்த்து வைத்து, கையால் மிதிகட்டையைச் சுற்றி, டைனமோ மின்னாற்றலில் வானொலிச் செய்தி கேட்டனர். அந்த வண்டி மக்களைக் காத்தது; ஆயின் அதனை மனநலப் பயிற்சி என்பது பொருந்தாது. சென்னையில் நள்ளிரவுப் பணி முடித்துத் திரும்பும் காவலாளியும், கேரியரில் தேநீர்க் கலன் கட்டி விற்பவரும் பிறர் பயிற்சிக்காகச் செல்லும் அதே சாலையில் செல்கின்றனர். சக்கரங்கள் ஒன்றே, தேர்ந்துகொள்ளும் உரிமை ஒன்றல்ல. நலவாழ்வு இதழ்கள் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் பேசுவதில்லை.

சென்னை

சென்னை மிதிவண்டிக்கு இயற்கையாகவே ஏற்ற நகரம். கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய முழுதும் சமதளமாக அமைந்துள்ளது. நாட்டின் முதன்மையான மிதிவண்டி நிறுவனங்களுள் ஒன்றான டி.ஐ. சைக்கிள்சு 1949 இல் இங்குதான் தொடங்கப்பட்டது. அம்பத்தூர் ஆலையில் உருவான எர்குலீசு, பி.எசு.ஏ. வண்டிகள் நாடெங்கும் சென்றன.

நகரின் தென்பகுதியிலுள்ள ராஜா அண்ணாமலைபுரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அடையாற்றின் கழிமுகத்தை ஒட்டிய இப்பகுதியிலிருந்து வடக்கே சாந்தோம் வழியாகக் கலங்கரை விளக்கம் ஏறத்தாழ 4 கி.மீ. தெற்கே திரு.வி.க. பாலத்தைக் கடந்தால் அடையாறு, அதற்கப்பால் பெசன்ட் நகர்க் கடற்கரை. மிதமான வேகத்தில் கால் மணி முதல் இருபது நிமிடங்களில் கடல் தெரியும். உலக நலவாழ்வு நிறுவனம் 2020 இல் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்த மிதமான உடலுழைப்பு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள். வாரத்தில் ஐந்து நாள்கள் கலங்கரை விளக்கம்வரை சென்று திரும்புபவர் அந்த அளவை எட்டிவிடுவார். மேலும், நீர்நிலையும் மரங்களும் கண்ணில் படும் இடங்களில் பயிற்சி செய்வது மனத்திற்குக் கூடுதல் அமைதி தருவதாகக் கருதப்படுகிறது.

ஆனால் இந்தக் கணக்கு காலை ஆறு மணிக்கு மட்டுமே பொருந்தும். எட்டு மணிக்கு அதே சாலையில் பேருந்துகளுக்கும் மகிழுந்துகளுக்கும் இடையே ஓட்டுபவருக்கு, கவனம் வெளியே நிற்பதற்கு மாறாக அச்சத்தில் நிற்கிறது. பின்னாலிருந்து ஒலிக்கும் ஒலிப்பான், திடீரெனத் திறக்கும் மகிழுந்துக் கதவு, இரண்டாம் கட்ட மெட்ரோ பணிகளால் 2020களில் குறுகிய சாலைகள் ஆகியவை அமைதியைக் கெடுப்பவை. கோடையில் வெயிலும் சேர்ந்துகொள்ளும். வாகனப் புகையைப் பற்றிய ஐயமும் பலருக்கு உண்டு. நுண்துகள் அளவு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம் உள்ள நகரிலும், நாள்தோறும் ஒன்றரை மணி நேரத்திற்கு மேல் ஓட்டினால்தான் தீமை நன்மையை விஞ்சத் தொடங்கும் என 2016 இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. சென்னையின் ஆண்டுச் சராசரி அந்த அளவினும் குறைவு.

சென்னை மாநகராட்சி 2014 இல் நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்குமான இயந்திரமில்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. இந்திய நகரங்களுள் இதனை முதலில் செய்தவற்றுள் சென்னையும் ஒன்று. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை இதற்குச் செலவிடுவது அதன் இலக்கு. அகலமான நடைபாதைகள் பல சாலைகளில் வந்தன. தியாகராயநகர் பாண்டி பசாரின் நடையர் வளாகம் 2019 இல் திறக்கப்பட்டது. மிதிவண்டிக்கெனத் தொடர்ச்சியான தனிப்பாதை அமைந்த இடங்கள் மிகச் சில. இசுக்கொட்லாந்து ஆய்வின் தொடக்கப்புள்ளியே வீட்டருகில் அத்தகைய பாதை இருப்பதுதான் என்பதை இங்கு நினைவுகொள்ளலாம்.

மருத்துவத்தின் இடம்

மிதிவண்டி மனநல மருத்துவத்திற்கு மாற்றன்று. பெங்களூரு நிம்கான்சு நிறுவனம் 2015-16 இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெரியவர்களில் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு உடையவர்கள். அவர்களுள் பெரும்பாலோர் மருத்துவம் பெறுவதில்லை. உடற்பயிற்சி மனச்சோர்வை மிதமாகக் குறைக்கிறது என்பது 2013 ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வு முடிவு. அது மருந்தையோ உளவியல் சிகிச்சையையோ விஞ்சியதாக அம்மீளாய்வு கூறவில்லை. கடும் மனச்சோர்வில் படுக்கையை விட்டு எழுவதே அரும்பாடு. அந்நிலையில் உள்ளவரிடம் ‘வண்டியை எடுத்து ஒரு சுற்றுப் போய்வா’ என்று சொல்வது பயனற்றதோடு, தம்மால் இயலவில்லையே என்னும் குற்றவுணர்வையும் கூட்டக்கூடும். மருத்துவம் தொடங்கி ஓரளவு தேறியபின், விரும்பினால், சிறு தொலைவில் தொடங்குவதே ஏற்றது. மயக்கம் தரும் மருந்துகளை உட்கொள்வோர் ஓட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்டறிய வேண்டும்.

தற்கொலைத் தடுப்புக்காக 1986 இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா அமைப்பு ராஜா அண்ணாமலைபுரத்தில் இயங்குகிறது. அங்கு தன்னார்வலர்கள் அறிவுரை கூறாமல் செவிமடுக்கின்றனர். நடுவண் அரசின் டெலி மானசு சேவை 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. 14416 என்னும் அதன் கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.